நீலக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே

மேடம்,

காலையிலிருந்து பையன்கள் தங்குகிற பின்பக்க ரூம்களைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். சேற்று வாசனையும் பிளீச்சிங் பவுடர் வாசனையும் சேர்ந்து மூக்கில் குடியேறிவிட்டன. உலையில் சோறு வெந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. மெஸ் நடத்துகிறவளுக்கு மூக்குப் போனால் பாதித் தொழில் போன மாதிரி. மூன்றாம் நம்பர் ரூமில் தேங்காய் நாரைப் போட்டுச் சுவரைத் தேய்த்துக்கொண்டே வந்தவள், ஜன்னல் பக்கம் வந்ததும் கையை எடுத்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நீங்கள் போட்ட நீலக் கோடு அங்கே இருக்கிறது. அதற்குக் கீழே, வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு. இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு விரல்தான் போகிறது.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சிரித்தேன் மேடம். பக்கத்து ரூமில் பாய் உலர்த்திக்கொண்டிருந்த இசக்கிமுத்து ஓடி வந்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், நைட் ஷிப்ட் போகிறவன்.

"என்னக்கா, தனியா இருந்து சிரிக்கிய? சேத்துக்குள்ள கிடந்து ஏதும் கடிச்சிட்டா?"

"மேடம் பாஸாயிட்டாங்கடா" என்றேன்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டியவர் நீங்கள். நீங்களோ போன சித்திரையில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், மழை கார்த்திகையில்தான் வந்தது. ஏழு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா? சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து ஓடுவதே உங்களுக்குப் பழக்கம். நான் அஞ்சாவதோடு நின்றவள், மளிகைச் சீட்டைத் தவிர எதையும் நீளமாக எழுதியதில்லை. ஆனாலும் இதை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தால் எனக்குச் செரிக்காது.

நீங்கள் முதல்முதலில் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்த ஷேர் ஆட்டோவில், ஷிப்டுக்குப் போகிற பையன்களுக்கு நடுவில் நசுங்கிப்போய், மடியில் மஞ்சள் நிற முக்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினீர்கள். தலையில் ஆம்பிளைத் தொப்பி, காலில் ஷூ, மேலே நூல் புடவை. நான் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மேடம், சூட்டிங்கா?"

"இல்லீங்க அம்மணி. ஆத்தை அளக்கோணுங்க."

"ஆறா? இங்க எங்க கீது ஆறு?"

நீங்கள் சுற்றிலும் பார்த்தீர்கள். ஒரு பக்கம் கம்பெனி காம்பவுண்டு, ஒரு பக்கம் லாரி நிற்கிற இடம், ஒரு பக்கம் என் மெஸ். "அதைத்தானுங்க நானும் தேடீட்டு இருக்கறேன்" என்றீர்கள். அந்த நிமிஷமே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. படித்தவர்கள் இத்தனை சீக்கிரம் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம்தான் விவரம் சொன்னீர்கள். மேலே இருக்கிற ஏரிகள் நிரம்பினால், உபரித் தண்ணீர் இந்த வழியாகத்தான் போய் அடையாற்றில் சேர வேண்டும். போகிற வழியைப் பாதிக்கு மேல் மண் கொட்டி மூடியாகிவிட்டது. இருக்கிற தரையின் உயரத்தைப் புள்ளி புள்ளியாக அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினால், பெருமழை வரும்போது தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு நிற்கும் என்று முன்கூட்டியே பார்க்கலாம். கேட்டுவிட்டு, "அதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு? எங்க மாமியார் உயிரோட இருந்திருந்தா தவளை கத்துறத கேட்டே சொல்லும்" என்றேன். "உங்க மாமியார இவத்தைக்கு வரச்சொல்ல முடியாதுங்களே, அதனாலதானுங்க" என்றீர்கள். வாய்க்கு வாய் கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

என் மெஸ் மாடி உங்களுக்கு வேண்டியிருந்தது. மரம் இல்லை, மறைப்பு இல்லை, வானம் முழுசாகத் தெரியும். தரையில் ஓர் ஆணி அடித்து, அதற்கு நேர் மேலே முக்காலியை நிறுத்தி, உச்சியில் வெள்ளைப் பெட்டியை மாட்டினீர்கள். அது நாள் முழுக்க அசையாமல் நின்று சாட்டிலைட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் இன்னொரு பெட்டியைக் கம்பத்தில் செருகிக்கொண்டு கால்வாய் ஓரமாக நடப்பீர்கள். நிற்கிற பெட்டியை வைத்துத்தான் நடக்கிற பெட்டிக்குத் தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று தெரியும். இதை எனக்குப் புரியவைக்க அரை மணி நேரம் பாடுபட்டீர்கள்.

"அப்ப மேல நிக்கிறது மாமியாரு, நடக்கிறது மருமவ. மாமியார கேக்காம மருமவ ஒரு அடி வெக்க மாட்டா. அப்பிடித்தானே?"

"உங்களைக் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போயிப் பாடம் எடுக்கச் சொல்லோணுங்க."

மாடியைப் பார்த்துக்கொள்கிற வேலையை என்னிடம் விட்டீர்கள். காக்கா உட்காராமல் விரட்ட வேண்டும், பையன்கள் தொடாமல் பார்க்க வேண்டும். பையன்கள் தொடக் கூடாது என்றுதான் சொன்னீர்கள் மேடம். நான் தொடக் கூடாது என்று சொல்லவே இல்லை. இன்றைக்கும் அந்தப் பாயின்ட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம் ஆயுதபூஜை வந்தது. கம்பெனிகளில் மிஷினுக்கெல்லாம் பூசணிக்காய் உடைத்து லீவு விட்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும் லீவு எடுக்கவில்லை. காலையிலேயே பெட்டியை நிறுத்திவிட்டுப் புளிசாதப் பொட்டலத்தோடு கிளம்பிப் போய்விட்டீர்கள். நான் கிரைண்டருக்குப் பொட்டு வைத்தேன், கேஸ் அடுப்புக்கு வைத்தேன், எங்கள் வீட்டுக்காரரின் பைக்குக்கு மாலை போட்டேன். மதியம் மாடிக்கு வந்து பார்த்தால், வீட்டிலேயே விலை அதிகமான பொருள் வெறும் நெற்றியோடு நிற்கிறது. மனசு கேட்குமா?

நான் குள்ளம் என்று உங்களுக்குத் தெரியும். எக்கி நின்று வைத்தால் பொட்டு கோணலாகப் போகும். அதனால் முக்காலியின் மூன்று காலையும் தளர்த்தி இறக்கினேன். பெட்டியைத் துடைத்தேன், சந்தனம் பூசினேன், குங்குமம் வைத்தேன், சாமந்தி சுற்றினேன், சூடம் காட்டினேன். திரும்ப ஏற்றினேன். சும்மா ஏனோதானோ என்று இல்லை. நீங்கள் செய்வதைத் தினமும் பார்த்தவள் ஆயிற்றே! மட்டம் பார்க்கிற குமிழியை வட்டத்துக்கு நடுவில் கொண்டுவந்தேன். நூலில் தொங்கும் குண்டு ஆணிக்கு நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்த்தேன். எல்லாம் பிசகில்லாமல் நின்றது. உயரம் மட்டும், முன்னால் என் நெற்றிக்கு நேராக இருந்ததா, மோவாய்க்கு நேராக இருந்ததா என்று ஒரு சந்தேகம். மோவாய் என்று முடிவு செய்துவிட்டு வடை சுடப் போய்விட்டேன்.

சாயங்காலம் தூறல் போட்டது. ஓட்டமாக வந்த நீங்கள் பொட்டைப் பார்த்துவிட்டு, "அட, என்னைவிட இதுக்கு லட்சணமா இருக்குதுங்களே!" என்று சிரித்து, முந்தானையால் துடைத்து, மடக்கிப் பையில் போட்டீர்கள். பொரி வாங்கிக்கொண்டு போனீர்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஒரு வாரம் கழித்துக் கடைசி மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தீர்கள். உள்ளே நம் ஊர் பச்சையும் பழுப்புமாகக் கிடந்தது. அதன்மேல் மழை பெய்ய வைத்தீர்கள். நீலம் மெல்ல ஊர்ந்து வந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. லாரி நிற்கிற இடம் முழுகியது. கம்பெனிச் சுவர் ஓரம் முழுகியது. என் பின்பக்க ரூம்களுக்குள் கொஞ்சம் வந்து, ஓர் இடத்தில் அணை போட்ட மாதிரி நின்றுவிட்டது.

"உங்க ரூமுக பெருசா சேதமில்லாம தப்பிச்சுருச்சுங்க அம்மணி" என்றீர்கள் சந்தோஷமாக. கையோடு மூன்றாம் நம்பர் ரூமுக்கு வந்து, தண்ணீர் ஏறக்கூடிய உயரம் இதுதான் என்று நீலப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டீர்கள். கோடு கட்டில் மட்டத்தில் இருந்தது. பிளக் பாயின்ட் அதற்குச் சற்று மேலே. பையன்கள் படுத்துக்கொண்டே போனைச் சார்ஜ் போடட்டும் என்று எங்கள் வீட்டுக்காரர் எல்லா ரூமிலும் தாழ வைத்திருந்த பிளக் பாயின்ட். எனக்கும் சந்தோஷம்தான். தண்ணீர் நிற்கிற ரூம் என்று பெயர் எடுத்தால் யார் குடிவருவார்கள்?

ஆனால் மறுநாளிலிருந்து உங்களுக்கு முகமே சரியில்லை. "அந்த அணை எப்படி வந்துச்சுன்னு தெரியலீங்க. தரையில திடீர்னு ஒரு படி ஏறுது. போயிப் பாத்தா படியே இல்லீங்க" என்றீர்கள். சாட்டிலைட் சரியில்லையோ என்றீர்கள். புரோகிராம் கோளாறோ என்றீர்கள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எனக்குத்தான் வயசாயிருச்சோ என்னமோ" என்றீர்கள். எல்லா இடத்திலும் தேடினீர்கள். சந்தேகப்படாத ஒரே ஆள் உங்களுக்கு எதிரே நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை நீங்கள் முக்காலியை நிறுத்தியபோது பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். பெட்டி நெற்றிக்கு நேராக இருந்தது. பூஜை அன்றைக்கு நான் நிறுத்தியதோ மோவாய்க்கு. நீங்களோ, "மத்தியானத்துக்கு முந்தி எடுத்ததெல்லாம் ஒழுங்கா இருக்குதுங்க, அப்பறம் எடுத்ததுதான் இடிக்குது" என்று உங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தீர்கள்.

எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை மேடம். திட்டுவீர்கள் என்ற பயம் பாதி. மீதிப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தப்பான படம் எனக்குச் சாதகமாக இருந்தது. நிற்கிற பெட்டி இறங்கியதால் என் ரூம் இருக்கிற தரை மேடாகக் காட்டுகிறது என்று உங்கள் பேச்சிலிருந்தே பிடித்துக்கொண்டேன். அது மேடு இல்லை என்று எனக்கு உங்களுக்கு முன்பே தெரியும். ரூம் கட்டுவதற்கு முன்னால் மாமியாரின் எருமை படுத்துக்கிடந்த பள்ளம் அது.

ஒன்பதாம் நாள் இரண்டு காரியம் நடந்தது. பிளேட் எடுக்க மூன்றாம் நம்பர் ரூமுக்குப் போனேன். இசக்கிமுத்து நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது, கையில் போன், போனிலிருந்து வயர் பிளக் பாயின்ட்டுக்கு. நீலக் கோட்டையும் பிளக் பாயின்ட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். திரும்பி மெஸ்ஸுக்கு வந்தால் நீங்கள் தயிர்சாதத்தைத் தொடாமல் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தீர்கள். என் மெஸ்ஸில் யாரும் தயிர்சாதத்தை மீதி வைத்ததில்லை.

"மேடம், ஒண்ணு சொல்லுவேன். அடிக்கக் கூடாது."

"சொல்லுங்க அம்மணி."

"பூஜை அன்னிக்கு நான் அத்த எறக்கி ஏத்துனேன்."

"எதைங்க?"

"மாமியார."

நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்கள் எல்லாரும் திரும்பினார்கள். போச்சு, மானம் போச்சு என்று நினைத்தேன். நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எவ்ளோ? கையில காட்டுங்க."

மோவாயில் கட்டைவிரலை வைத்து விரித்தேன். சுண்டுவிரல் நெற்றிக்குப் போனது. ஒரு சாண். நீங்கள் அதைப் பார்த்தீர்கள், கம்ப்யூட்டரைப் பார்த்தீர்கள். அப்புறம் சிரித்தீர்கள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு! "எட்டு நாளா சாட்டிலைட்டைத் திட்டீட்டு இருந்தனுங்க! பாவம், அது எங்கியோ கெடக்குது!" என்றீர்கள். சாய்ந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, தயிர்சாதத்தை முழுசாகச் சாப்பிட்டு, ஊறுகாய் இன்னொரு தடவை கேட்டீர்கள். என் நெஞ்சிலிருந்து கிரைண்டர் கல்லை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது.

நான் கையில் காட்டியதை அப்படியே எழுதிக்கொள்ளவில்லை நீங்கள். ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போய், அன்றைக்கு மதியத்துக்குமேல் அளந்த இடங்களில் நாலைந்தைத் திரும்ப அளந்தீர்கள். எல்லா இடத்திலும் வித்தியாசம் ஒரே மாதிரி வந்தது. அப்புறம் கால்வாய்க் கரையில் வைத்தே, "கையைக் குடுங்க அம்மணி" என்று என் சாணை டேப் வைத்து அளந்தீர்கள்.

"நகக்கண்ணு அளவுதானுங்க வித்தியாசம். மேல சுத்தறதும் உங்க கையும் ஒண்ணையே சொல்லுதுங்க."

"அப்ப எதுக்கு மேடம் அத்தினி செலவு பண்ணி மேல சுத்த வுட்டாங்க? என்னை சுத்த வுட்டிருக்கலாமே."

கணக்கைத் திருத்திவிட்டு மறுபடி கம்ப்யூட்டரில் மழை பெய்ய வைத்தீர்கள். இந்தத் தடவை அணை இல்லை. நீலம் நிற்காமல் வந்து என் ரூம்களை மூடிக்கொண்டு போனது. மூன்றாம் நம்பர் ரூமுக்குப் போய்ப் பழைய கோட்டைக் குறுக்கே அடித்துவிட்டு, அதற்கு மேலே ஒரு சாணில் புதுக்கோடு போட்டீர்கள். பிளக் பாயின்ட் இரண்டு கோட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. "இது நடக்கும்னு உறுதியாச் சொல்ல மாட்டனுங்க. மழை வந்துதான் சொல்லோணும். ஆனா, நானா இருந்தா அதை மாத்தீருவேன்" என்றீர்கள்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு மாதம் முனகினார். "கம்ப்யூட்டர்ல மழை பேஞ்சதுக்கு சுவத்த ஒடைக்கணுமா?" என்றார். "பேஞ்சது கம்ப்யூட்டர்ல, அளந்தது என் கை" என்றேன். பிளக் பாயின்ட் எல்லாம் தலை உயரத்துக்கு ஏறியது. பழைய ஓட்டையில் சிமென்ட் பூசினோம். பின்பக்கத்திலிருந்து மாடிக்கு ஓர் இரும்புப் படிக்கட்டும் வைத்தோம். எழுந்து நின்று சார்ஜ் போட வேண்டியிருக்கிறது என்று பையன்கள் என்னைத் திட்டாத நாள் இல்லை. உங்களையும் சேர்த்துத்தான்.

அப்புறம் உங்களுக்கு உடம்பு முடியாமல் போனது. கடைசியாகப் போனில் பேசியபோது குரல் நூலாக இருந்தது. உடம்பைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினீர்கள். "பிளக் பாயின்ட் மாத்தியாச்சுங்களா? எவ்ளோ ஒசரத்துல? கையில காட்டாதீங்க அம்மணி, போன்ல தெரியாது."

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நாலு நாளாக விடாத மழை. அன்றைக்குக் காலை பத்தரை மணி இருக்கும். நைட் ஷிப்ட் பையன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் பார்த்த அதே மூலையில், குளிக்கிற இடத்துப் பக்கமாக, தண்ணீர் உள்ளே வந்தது. உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை, முழங்கால் அளவு ஏறிவிட்டது. தட்டையும் கரண்டியையும் எடுத்து அடித்துக்கொண்டே ஓடினேன். "டேய், எழுந்திருங்கடா, மேல ஓடுங்கடா!" தூக்கத்தில் எழுந்த பையன்கள் தண்ணீரில் கால் வைத்தே இறங்கினார்கள். எல்லாரும் இரும்புப் படியில் ஏறினார்கள்.

கரண்ட் போகவில்லை மேடம். அதுதான் விஷயம். எல்லா மழைக்கும் முதல் தூறலிலேயே போகிற கரண்ட், அன்றைக்கு மட்டும் நின்று விளையாடியது. எங்கள் வீட்டுக்காரர் மெயினை அணைக்கப் பின்பக்கம் இறங்கியபோது தண்ணீர் தொடையைத் தொட்டதாம், சிமென்ட் பூசிய பழைய ஓட்டை முழுகிவிட்டதாம். மூன்றாம் நம்பர் ரூமில் கட்டில் மிதந்துகொண்டிருந்ததாம், அதற்கு மேலே ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்ததாம். மெயினை அணைத்துவிட்டு நேராக மாடிக்கு வந்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் எதிரில் அவர் அப்படிச் செய்ததில்லை.

இசக்கிமுத்துதான் கடைசியாக வந்தவன். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். "அக்கா, நூறு பர்சன்ட் சார்ஜ் ஏறிட்டு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அப்புறம் தார்ப்பாய்க்குக் கீழே, உங்கள் ஆணிக்குப் பக்கத்தில் அடுப்பை வைத்துச் சேமியா உப்புமா கிண்டினேன். செம்பரம்பாக்கத்துக்குக் கீழே இருக்கிற ஊர்கள் பட்ட பாட்டைப் பிறகு டிவியில் பார்த்தேன். எங்களுக்கு வந்தது அதில் ஒரு மூலைக்குக் காணாது. பாய் போனது, அரிசி மூட்டை போனது, இசக்கிமுத்துவின் ஒரு ஷூ போனது. ஆள் யாரும் போகவில்லை மேடம். ஆள் யாரும் போகவில்லை.

உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். மழை வந்து சொல்லிவிட்டது. நீங்கள் ஒரு விரல் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள், அதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் யார் வந்து எதைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது உங்கள் கேள்விதான். அங்கே தண்ணீர், இங்கே தண்ணீர் என்று பையன்கள் அளந்துவிட்டால், "எவ்ளோ? கையில காட்டு" என்கிறேன். பாதிக் கதை அங்கேயே வற்றிப்போகிறது.

மதியம் வெள்ளையடிக்கிறவர் வந்து ரூம்களைப் பார்த்தார். மூன்றாம் நம்பரில் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். "இன்னாக்கா இது, செவுத்துக்கு பிளாஸ்திரி போட்டாப்ல இருக்குமே" என்றார். "இருந்துட்டுப் போவட்டும். அது மேடம் எடம்" என்றேன்.

அவர் போனபிறகு கையைக் கழுவிவிட்டு வந்து சுவரில் வைத்தேன். கட்டைவிரல் நீங்கள் அடித்துப்போட்ட கோட்டில், சுண்டுவிரல் நீலக் கோட்டில். சரியாக நின்றது. பழைய பிளக் பாயின்ட்டை மூடிய சிமென்ட் உள்ளங்கையில் இன்னும் ஈரமாக, சில்லென்று பட்டது. கையை எடுக்க மனசு வரவில்லை. உலையில் சோறு குழைகிற வரைக்கும் அப்படியே நின்றிருந்தேன்.